மதுரையிலிருந்து மேலேறும் ஏ320: ஃப்ளைபைவயர் விமானம் பற்றி என் மதிப்பீடு

கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஓட்ட எத்தனையோ விமானங்கள் கிடைக்கின்றன. ஃப்ளைபைவயர் குழுவினர் இலவசமாகத் தரும் ஏ32என்எக்ஸ், அதாவது ஏர்பஸ் ஏ320 நியோ, என் கணக்கில் முதலிடத்தில் இருக்கிறது. நான் பாலிடெக்னிக்கில் தானியங்கிக் கட்டுப்பாடு பாடம் நடத்துகிறவன். அதனால் ஜன்னல் காட்சியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. தரையை விட்டு எழும்பியதிலிருந்து உரிய உயரத்தை எட்டும்வரை ஆட்டோபைலட், அதாவது விமானத்தைத் தானே ஓட்டும் அமைப்பு, எப்படி நடந்துகொள்கிறது? ஒரு விமான மென்பொருளின் தரம் அங்கேதான் தெரியும்.

மதுரையில் 27ஆம் ஓடுபாதையிலிருந்து மேற்கே கிளம்பினால் வலப்பக்கம் திருப்பரங்குன்றம் மலை தெரியும். ஆனால் கண் இருக்க வேண்டிய இடம் விமானியின் முன்திரையில் மேலே ஓடும் வரி. இடது ஓரக் கட்டம் எஞ்சின் என்ன செய்கிறது என்று சொல்லும், அடுத்தது மூக்கு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று, அதற்கடுத்தது திசையை. எழும்பியவுடன் இரண்டாவது கட்டத்தில் 'எஸ்ஆர்எஸ்' இருக்கும். வி2 வேகத்துக்கு (ஓர் எஞ்சின் நின்றாலும் பாதுகாப்பாக ஏறத் தேவையான வேகம்) மேல் 10 நாட் நிற்கும்படி மூக்கை வைத்துக்கொள்ளும் முறை அது. எழும்பி 5 வினாடியாகி, 100 அடியும் கடந்துவிட்டால் ஆட்டோபைலட்டைப் போடலாம்.

மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 அடி உயரத்தில் இருக்கிறது. வழக்கமான 1500 அடியைக் கூட்டினால் 1960. அங்கே 'எல்விஆர் சிஎல்பி' என்று, அதாவது நெம்புகோலை ஏறும் நிலைக்கு மாற்றச் சொல்லி, மின்னத் தொடங்கும். உந்துவிசை நெம்புகோல்களை 'சிஎல்' நிலைக்கு இழுத்ததும், அதுவரை நீல எழுத்தில் காத்திருந்த 'ஏ/டிஎச்ஆர்' (எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) வெள்ளையாகி எஞ்சினின் பொறுப்பை ஏற்கிறது. எஸ்ஆர்எஸ் போய், ஏறுவதற்கான 'சிஎல்பி' முறை வருகிறது; மூக்கு சற்றே தாழ்ந்து வேகம் கூடுகிறது. இறக்கையின் பின்விளிம்பில் நீட்டியிருக்கும் ஃப்ளாப்பை மடக்கியபின் 10,000 அடிவரை 250 நாட். இந்த வரிசை ஒன்றுகூடப் பிசகாமல் வருகிறது.

நெம்புகோல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நிஜ விமானத்தில் ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று பிடிக்கும் பள்ளம் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண ஜாய்ஸ்டிக்கில் அது கிடையாது. விமானத்தோடு வரும் ஃப்ளைபேட் என்ற கைத்திரையில் ஒவ்வொரு நிலையையும் அளவு காட்டிப் பதிவுசெய்ய வசதி இருக்கிறது. பறக்கும் முன் அதைச் செய்தே ஆக வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உயரக் குமிழைத் தள்ளினால் சிஎல்பி. வழித்திட்டத்தில் உள்ள உயர வரம்புகளை அது மதிக்கும். குமிழை இழுத்தால் 'ஓபி சிஎல்பி'. இடையில் உள்ள வரம்புகளைப் பார்க்காமல் நாம் வைத்த உயரத்துக்கு ஏறும். இரண்டிலும் எஞ்சின் ஏறுவிசையில் (ஏறும்போது தருவதற்கென வகுத்த உந்துவிசை) நிலையாக நிற்க, வேகத்தைக் காப்பது மூக்கு. இடது கட்டத்தில் 'டிஎச்ஆர் சிஎல்பி' என்றிருக்கும். நிமிடத்துக்கு இத்தனை அடி ஏறு என்று கேட்கும் 'வி/எஸ்' முறையைப் போட்டால் பொறுப்பு இடம் மாறுகிறது: நாம் கேட்ட ஏறுவேகத்தை மூக்கு பிடிக்கிறது, பறக்கும் வேகத்தை எஞ்சின் காக்க வேண்டும். இடது கட்டத்தில் 'ஸ்பீடு' வந்துவிடும்.

எஞ்சினிடம் விசை தீர்ந்துபோனால்? சென்னைக்குப் போகும் அளவு எரிபொருளோடு விமானம் இலேசாக இருக்கும், சோதனை பளிச்சென்று தெரியாது. எரிபொருளை நிறைய ஏற்றிக்கொண்டு, 30,000 அடியைத் தாண்டியபின் நிமிடத்துக்கு 2500 அடி என்று வி/எஸ் கேட்டேன். விமானப் பொறியியல் படிக்கும் அக்கா மகன் பக்கத்தில் இருந்தான். வேகம் மெல்லச் சரிந்து, குறைந்தபட்சப் பாதுகாப்பு வேகத்தைக் காட்டும் மஞ்சள் பட்டையை நெருங்கத் தொடங்கியது.

"மாமா, எஞ்சின் இன்னும் கூட்டிக் கொடுக்க வேண்டாமா?"

"கொடுக்க அதனிடம் மிச்சம் இல்லையடா. எஞ்சின் விசிறி எவ்வளவு சுழல்கிறது என்று காட்டும் என்1 எண்ணைப் பார், ஏறுவிசை வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது."

உயரக் குமிழை இழுத்தேன். ஓபி சிஎல்பி வந்தது. மூக்கு தாழ்ந்தது, ஏறுவேகம் பாதிக்கும் கீழே போனது, பறக்கும் வேகம் மீண்டது. வகுப்பில் கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும் இந்தத் தெளிவு கிடைப்பதில்லை. விலை கொடுத்து வாங்கிய வேறொரு விமானத்தில் இதே சோதனையைச் செய்தபோது, எந்த முறையைப் போட்டாலும் மூக்கு ஒரே மாதிரித்தான் ஏறியது. பார்க்க அது மிக அழகாகவே இருந்தது. ஆனால் கற்க வருகிறவனுக்கு அது தவறானதைச் சொல்லிக்கொடுக்கிறது. இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

விமானம் இலவசம் என்றாலும் சிமுலேட்டருக்கு விலை உண்டு. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், இணையமும் வேகமாக இருக்க வேண்டும். விமானி உரிமத்துக்கான பறப்பு நேரமாக இதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பிளஸ் டூ முடித்து விமானியாக ஆசைப்படும் பிள்ளைகள் பெருந்தொகை கட்டிப் பயிற்சியில் சேரும் முன் இதில் சில மாதம் உட்காரலாம் என்பது என் உறுதியான கருத்து. நிறுவும்போது 'ஸ்டேபிள்' பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்; 'டெவலப்மென்ட்' பதிப்பில் புதிய வசதிகள் முன்னதாகவே வரும், ஆனால் அது சோதித்துப் பார்ப்பவர்களுக்கானது.