பெடலா, பிளக்-இன்னா? கிட்டாரில் ஆம்பியன்ட் இசை பதியத் தொடங்குபவருக்கு

தாளத்தைவிட ஒலியின் சூழலும் மெதுவான நகர்வும் முக்கியமான ஆம்பியன்ட் இசையில் கம்பியை மீட்டுவது பாதி வேலைதான். மீதியை டிலேயும் (ஒலியைத் திரும்பத் திரும்ப எதிரொலிக்க வைப்பது) ரிவெர்பும் (பெரிய அறையில் ஒலிப்பதுபோன்ற நீண்ட முழக்கம் தருவது) செய்கின்றன. ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அது கரைவதைக் கேட்கிறோம், கரைந்துகொண்டிருப்பதோடு எது ஒட்டும் என்று தேடி அடுத்ததை வாசிக்கிறோம். அதனால் வாசிக்கும் நேரத்திலேயே எஃபெக்ட் காதில் விழ வேண்டும். ராக் பாட்டு என்றால் கிட்டாரை வெறுமனே பதிந்துவிட்டு ரிவெர்பைப் பிறகு சேர்க்கலாம். இங்கே அப்படிச் செய்தால் வாசிப்பே வேறாகிவிடும். தனித்தனி பெடல்கள், பல எஃபெக்டுகளை ஒரே பெட்டியில் தரும் மல்டி எஃபெக்ட்ஸ், கணினியில் எஃபெக்ட் தரும் மென்பொருள்களான பிளக்-இன்கள் என்ற மூன்று வழிகளையும் முதலில் இந்த ஒரு தேவையை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

பெடலில் எல்லாம் கைக்கும் காலுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. எதிரொலி எவ்வளவு நேரம் திரும்பத் திரும்ப வரும் என்பதைத் தீர்மானிக்கும் டிலேயின் ஃபீட்பேக் குமிழை மெல்ல ஏற்றி, எதிரொலி கட்டுமீறப் போகும் கணத்தில் பின்வாங்குவதை சுட்டியைப் பிடித்துக்கொண்டு அதே உணர்வோடு செய்ய முடியாது. 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஃப்ரிப்பும் பிரையன் ஈனோவும் இரண்டு டேப் ரெக்கார்டர்களை இணைத்தார்கள். முதல் கருவியில் பதிவான நாடா இரண்டாவது கருவிக்குப் போய் ஒலிக்கும், அந்த ஒலி மீண்டும் முதல் கருவிக்குத் திரும்பும். கிட்டார் அப்படியே அடுக்கடுக்காகச் சேரும். வாசித்ததைச் சுற்றிச் சுற்றி ஒலிக்கவிட்டு அதன்மேல் அடுக்க உதவும் இன்றைய லூப்பர் பெடலும் அந்த அனுபவத்தைத்தான் தருகிறது.

லூப்பரின் சிக்கலும் அங்கேயே இருக்கிறது. ஒருமுறை ஐந்து அடுக்குகள் வாசித்து, அப்படியே ஒரே ஸ்டீரியோ கோப்பாகப் பதிந்தேன். மனத்துக்கு மிகவும் பிடித்த பதிவு அது. மறுநாள் கேட்டால் மூன்றாவது அடுக்கில் ஒரு சுரம் பிசகியிருந்தது. சுற்றுக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வந்தது. அதை மட்டும் எடுக்க வழியே இல்லை. பெடலோடு கலந்து பதிந்தது பதிந்ததுதான்.

பெடல் வழியில் கவனிக்க இன்னும் சில உண்டு. விரிந்த ஒலி வேண்டுமென்றால் ரிவெர்ப் பெடல் ஸ்டீரியோவாக இருக்க வேண்டும், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸின் இரண்டு இன்புட்டும் அதற்கே போய்விடும். பல டிஜிட்டல் பெடல்களுக்கு ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக மின்சாரம் கொடுத்தால் இரைச்சல் ஏற வாய்ப்பு அதிகம். சத்தமான இசையில் அது மறைந்துவிடும், அமைதியான இசையில் முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்துத் தரும் பவர் சப்ளை வாங்குவது வீண்செலவல்ல.

மல்டி எஃபெக்ட்ஸ் நடுவழி. ஜூம் எம்எஸ்-70சிடிஆர் போன்ற சிறிய பெட்டியிலேயே கோரஸ், டிலே, ரிவெர்ப் மூன்றும் ஸ்டீரியோவில் கிடைக்கும். பெரிய கருவிகள் பலவற்றில் யுஎஸ்பி இன்டர்ஃபேஸும் உள்ளேயே இருக்கும். இடமும் செலவும் மிச்சம். ஆனால் மெனுவுக்குள் போய்ப் போய்த் திருத்த வேண்டியிருப்பதால், வாசித்துக்கொண்டே ஒலியை வளைக்கும் சுகம் குறைவு.

கணினி வழிக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன், ஒரு ரெக்கார்டிங் மென்பொருள் போதும். மேக்கில் கராஜ்பேண்ட் இலவசம், ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். வல்ஹல்லா சூப்பர்மாசிவ் என்ற இலவச பிளக்-இன் ஒன்றே நீண்ட டிலேக்கும் பிரம்மாண்டமான ரிவெர்புக்கும் பல மாதம் தாங்கும். கிட்டாரை ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று குறித்த இன்புட்டில் செருகுங்கள். அதன் இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) சுமார் 1 மெகா ஓம் இருக்கும். லைன் இன்புட்டில் செருகினால் ஒலியின் பளிச்சென்ற மேல்பகுதி மழுங்கிவிடும்.

இந்த வழியின் மேல் எல்லாரும் சொல்லும் குறை, வாசிப்பதற்கும் அது காதில் விழுவதற்கும் இடையிலான தாமதம். கணினி ஒலியைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துக் கையாளும், அந்தத் துண்டின் அளவுதான் பஃபர்; 48 கிலோ ஹெர்ட்ஸில் அது 256 சாம்பிள் என்றால் ஒரு பக்கத்துக்கு 5.3 மில்லி செகண்ட், போய்வர 10-ஐத் தாண்டிவிடும். வேகமாக வாசிப்பவருக்கு இது உறுத்தும். ஆம்பியன்ட்டுக்கு அழகான ஒரு தீர்வு உண்டு. இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரிங்கைப் போட்டு கிட்டாரின் மூல ஒலியைத் தாமதமில்லாமல் கேளுங்கள். பிளக்-இன்னின் மிக்ஸை 100 சதவீதம் வைத்து, எதிரொலி மட்டும் கணினியிலிருந்து வரும்படி செய்யுங்கள். அப்போது அந்தத் தாமதம் ரிவெர்பின் ப்ரீ-டிலேயாக, அதாவது மூல ஒலிக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளியாக மாறிவிடுகிறது. ப்ரீ-டிலேயாக 20, 30 மில்லி செகண்ட் வேண்டுமென்றே வைப்பது வழக்கம்தானே! முதலில் சொன்ன தேவை இப்படி நிறைவேறிவிடுகிறது.

கூடவே டிராக்கில் பதிவாவது மூல ஒலி மட்டும். ரிவெர்ப் நீளம் பிடிக்கவில்லையா, அடுத்த வாரம் மாற்றலாம். மூன்றாவது அடுக்கில் பிசகா, அதை மட்டும் அழித்து மறுபடி வாசிக்கலாம். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் பதிந்தால் போதும். பல அடுக்குகள் சேர்ந்து ஒலி கலங்கினால், ரிவெர்ப் வரும் தடத்தில் மட்டும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிப் பாருங்கள்.

கணினியின் உண்மையான குறை திரைதான். கண் அலைவடிவத்தைப் பார்க்கத் தொடங்கினால் காது சோம்பிவிடும். நான் பதிவைத் தொடங்கியதும் திரையை அணைத்துவிடுகிறேன். முதல் மாதம் ஒரே டிலே, ஒரே ரிவெர்ப் என்று வைத்துக்கொள்வதும் நல்லது.

சரி, எதை எடுப்பது? ஏற்கெனவே பெடல்கள் வைத்திருந்து, திரை முன்னால் உட்காரவே பிடிக்காதவர் என்றால் பெடல்களோடே தொடங்குங்கள். லூப்பரை மட்டும் ஒத்திகைக்கு வைத்துக்கொண்டு, பதியும்போது ஒவ்வொரு அடுக்கையும் தனி டிராக்கில் வாசியுங்கள். மற்ற எல்லாருக்கும் என் தேர்வு கணினிதான், அப்புறம் ஒரே ஒரு பெடல்: வால்யூம் பெடல். கம்பியைத் தட்டும்போது அதை மூடி வைத்து, பிறகு மெல்லத் திறந்தால், தட்டல் ஓசை மறைந்து கிட்டார் வயலின் போல எழும். அது டிலேக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் வைத்தால் எதிரொலியின் வாலும் சேர்ந்து அறுந்துவிடும். கணினி வழியில் கிட்டாருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் வைப்பதால் இந்த வரிசை தானாகவே சரியாக அமையும். வாங்கும்போது 250 கிலோ ஓம் வகையா என்று பார்த்து வாங்குங்கள். 25 கிலோ ஓம் வகை, கிட்டாரின் சிக்னலை வலுவாக்கி அனுப்பும் பஃபர் என்ற மின்சுற்றுக்குப் பின்னால் வைப்பதற்கானது (மேலே சொன்ன கணினி பஃபர் அல்ல), கிட்டாரை நேராக அதில் செருகினால் ஒலி மங்கிவிடும்.