பி0420: கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னார்கள், கோளாறு கேஸ்கெட்டில் இருந்தது

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வாரத்தில் ஐந்து நாள் என் பெட்ரோல் எஸ்.யு.வி.யில்தான் போய் வருகிறேன். பிஎஸ்6 வண்டி. வாங்கி நான்கு ஆண்டு கடந்து, 57,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இருக்கை, ஏ.சி., மைலேஜ் எதிலும் குறை இல்லை. 46,000 கிலோமீட்டரில் எரிந்த ஒரு மஞ்சள் விளக்கைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

காலையில் தவளக்குப்பம் தாண்டும்போது இஞ்சின் விளக்கு எரிந்தது. விட்டு விட்டு எரியவில்லை, நிலையாக எரிந்தது. இந்த வேறுபாடு முக்கியமானது. விட்டு விட்டு எரிந்தால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்குள் போகிறது, அதை அதிகச் சூடாக்கிக் கெடுக்கிறது என்று பொருள். வண்டியை உடனே ஓரம் கட்ட வேண்டும். நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிப்போய்க் காட்டலாம்.

சர்வீஸ் மையத்தில் ஸ்கேனரைப் பொருத்தியதும் பி0420 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. ஐந்தே நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள்: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, 92,000 ரூபாய் ஆகும். வாரண்டி முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எல்லை தாண்டிப் பெட்ரோல் போடுவதுதான் காரணம் என்றும் சொன்னார்கள். எல்லையிலுள்ள முள்ளோடைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில், விலை குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் பலரும் அங்கேதான் போடுகிறோம். கன்வெர்ட்டரைக் கெடுக்கும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டிலேயே நாட்டில் நின்றுபோனது. அந்த விளக்கம் என் மனதுக்கு ஒப்பவில்லை.

பி0420 என்பது கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே இருப்பதாக வண்டியின் கணினி கருதுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. கணினி கன்வெர்ட்டரை நேராகப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்களை வைத்துக் கணிக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கானில் பூசிய பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகியவையும் ஆக்சிஜனைச் சேர்த்துவைக்கும் பூச்சும் நன்றாக இருந்தால், முன் சென்சாரில் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்தாலும் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் அளவில் அசையாமல் நிற்கும். கன்வெர்ட்டர் தேய்ந்தால் பின் சென்சாரும் தாவத் தொடங்கும். பின் சென்சாருக்கு முன்னால் எங்காவது குழாய் கசிந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் அதே போலத் தாவும். இரண்டையும் கணினியால் பிரித்துச் சொல்ல முடியாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

1,400 ரூபாய்க்குப் புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகி, இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கைபேசியில் பார்த்தேன். எரிபொருள் திருத்த அளவு, அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, மூன்று, நான்கு சதவீதம். பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத மிஸ்ஃபயர் பதிவும் இல்லை. பின் சென்சார் மட்டும் 0.7-இல் நின்று, திடீரென்று 0.2-க்கு விழுந்து, மறுபடி ஏறியது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றில் நிறுத்தினால் விழுவது வெகுவாகக் குறைந்தது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. வேகம் குறைவாக இருக்கும்போதுதான் ஒரு புகைத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுபடும்.

மறுநாள் திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். இஞ்சின் ஆறியிருந்தது. சைலன்சர் வாயில் புளோயரை வைத்து மெதுவாகக் காற்று ஊதச் சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தார்.

“தம்பி, இங்கே வந்து பாருங்கள்.”

பின் சென்சாருக்குச் சற்று முன்னால் இரண்டு குழாய்கள் சேரும் இடம். ஐந்து ரூபாய் நாணயம் அளவு கரி படிந்திருந்தது. அதன் நடுவிலிருந்து சிறு சிறு குமிழியாக நுரை பொங்கிக்கொண்டே இருந்தது. போல்ட் தலைகளில் துரு செதில் செதிலாக உரிந்தது. இரண்டு குழாய்க்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டின் ஒரு பக்கம் அரித்து நூல்போல ஆகியிருந்தது. வீட்டிலிருந்து சில்வர் பீச் கூப்பிடு தூரம்; உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை.

புதுக் கேஸ்கெட், நான்கு போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய்.

ஸ்கேனரில் பி0420 பதிவை அழித்துவிட்டு உடனே சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அழித்ததும் கன்வெர்ட்டர் சோதனை “முடியவில்லை” என்ற நிலைக்குத் திரும்பிவிடும். இஞ்சின் சூடேறி, ஒரே சீரான வேகத்தில் சிறிது தூரம் ஓடினால்தான் கணினி மறுபடி சோதிக்கும். அரியாங்குப்பம் நெரிசலில் அது நடக்கவே இல்லை. ஞாயிறு விடியற்காலை காலிச் சாலையில் கிருமாம்பாக்கம் வரை ஓட்டினேன். நான்காவது நாள் “முடிந்தது” என்று காட்டியது. பின் சென்சார் 0.7-இல் கோடு கிழித்ததுபோல நின்றது. அன்று வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கன்வெர்ட்டர் உண்மையாகவே சாகும் வண்டிகளும் உண்டு. இஞ்சின் ஆயில் குடிக்கும் வண்டியில் ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் பூச்சின்மேல் படிந்து அதை மூடிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் பிரச்சினையைத் தீர்க்காமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். என் வண்டியில் ஆயில் அளவு குறைவதில்லை.

பத்து மாதம், 11,000 கிலோமீட்டர் ஆகியும் விளக்கு திரும்ப எரியவில்லை. மாதம் ஒருமுறை வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். போன வாரம் படுத்துப் பார்த்தபோது பின்னால் உள்ள அடுத்த இணைப்பின் போல்ட்டுகளிலும் துரு ஏறத் தொடங்கியிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதையும் மாற்றித் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.