குபெல்வாகனுக்கு அடித்த போர்க்காலப் பெயின்ட்: பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

நானும் ஜெர்மனியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பரும் சேர்ந்து 1942-இல் தயாரான ஒரு குபெல்வாகனை, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் ஓட்டிய சிறிய திறந்த காரான ஃபோக்ஸ்வாகன் டைப் 82-ஐ, பழைய நிலைக்குக் கொண்டுவந்து பல வருடங்கள் ஆகின்றன. வண்டி அவருடையது. பெயின்ட் வேலையும் எழுத்து வேலையும் பெரும்பாலும் என்னுடையவை. இது கூடத்துக்குள் நிற்கிற வண்டி இல்லை. கோடை முழுக்க ஓடும், மழையில் நனையும், நெதர்லாந்தில் ஓவர்லூனில் நடக்கும் மிலிட்ராக்ஸ் என்ற பழைய ராணுவ வண்டிகளின் கூடலுக்குப் போனால் சேற்றில் இறங்கும். அடித்த புதிதில் எந்தப் பெயின்டும் அழகாகத்தான் தெரியும். இவ்வளவு ஓட்டத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்பதைச் சொன்னால்தான் இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும்.

முதலில், என்ன நிறம் என்று எப்படி முடிவு செய்தோம் என்பது. வண்டி கைக்கு வந்தபோது மேலே போருக்குப் பிந்தைய பச்சை. நண்பர் உடனே பெயின்ட் உரிக்கும் ரசாயனத்தைத் தேடினார், நான் தடுத்தேன். ஒரு வண்டியின் உண்மையான வரலாறு அதன் பெயின்ட் அடுக்குகளில்தான் இருக்கிறது. உரித்துவிட்டால் திரும்ப வராது. உதிரி டயரைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு அடியில், வெயில் படாத இடத்தில், ஆயிரம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்தோம். மெல்ல மெல்ல வளையங்கள் தெரிந்தன: வெளியே பச்சை, அடுத்து மஞ்சள், அதற்குள் கருஞ்சாம்பல், நடுவில் செம்பழுப்பு பிரைமர். 1940 ஜூலை உத்தரவுக்குப் பிறகு ஜெர்மன் ராணுவ வண்டிகள் முழுக்கக் கருஞ்சாம்பல், ரால் என்ற ஜெர்மன் நிறப் பட்டியலில் 7021. 1943 பிப்ரவரி 18 உத்தரவு அடிநிறத்தை டுங்கெல்கெல்ப் என்ற மங்கிய மஞ்சளாக மாற்றியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சாம்பல் வண்டிகள் பலவற்றுக்கு மேலேயே மஞ்சள் அடித்துக்கொண்டார்கள். எங்கள் வண்டியும் அப்படி நிறம் மாறிய வண்டி என்று அந்த வளையங்களே சொல்லிவிட்டன.

அதனால் நாங்களும் அதே வரிசையில் அடித்தோம். துருவைத் தடுக்க எபாக்ஸி பிரைமர், அதன்மேல் முழு வண்டிக்கும் 7021, அது நன்றாகக் காய்ந்தபின் மஞ்சள். "யாருக்கும் தெரியாத சாம்பலுக்கு எதற்கு இவ்வளவு செலவு?" என்று பலர் கேட்டார்கள். இன்று கதவு விளிம்பிலும், ஏறும்போது பூட்ஸ் உரசும் இடத்திலும் மஞ்சள் தேய்ந்து சாம்பல் எட்டிப் பார்க்கிறது. ஸ்பாஞ்சால் ஒற்றிச் செய்யும் செயற்கைத் தேய்மானத்தில் இது வராது. எந்த இடம் தேயும் என்பது வண்டிக்குத்தான் தெரியும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான்.

இந்த மஞ்சள்தான் பெரிய தலைவலி. 1927-இல் 40 நிறங்களோடு தொடங்கிய ரால் பட்டியலில் 7021 இன்றும் இருக்கிறது. போர்க்காலத்தில் 7028 என்று எண் கொடுக்கப்பட்ட டுங்கெல்கெல்ப் இன்றைய ரால் கிளாசிக் அட்டையில் இல்லை. போரின்போதே அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. இப்போது கடைக்குக் கடை "7028" என்று விற்கிறார்கள். நாங்கள் முதலில் வாங்கிய டின் காய்ந்ததும் கடுகுச் சாந்து மாதிரி ஆனது. இன்னொன்று பச்சை கலந்து தெரிந்தது. கடைசியில் அந்த வளையத்தையே பார்த்துக் கலக்கச் சொன்னோம். அதிலும் ஒரு விஷயம் உண்டு. எண்ணெய் சார்ந்த பழைய பெயின்ட் வெளிச்சம் படாத இடத்தில் கிடந்தால் மஞ்சள் ஏறும். தேய்த்த உடனே ஒப்பிடாமல் கொஞ்ச நாள் பகல் வெளிச்சம் பட விட்டு, அப்புறம் தண்ணீர் தொட்டுப் பார்த்தால்தான் உண்மை நிறத்துக்குப் பக்கத்தில் போகலாம்.

பெயின்டின் ரகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடலுக்கு ஹார்டனர் கலக்காத அல்கைட் எனாமல், பளபளப்பில்லாத மேட் ரகம். சக்கரங்களுக்கும் அடிப்பகுதிக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் இரு பகுதிப் பெயின்டான டூ-கே. உழைப்பு என்று பார்த்தால் டூ-கே நன்றாகத் தாங்குகிறது, கல் தெறித்தாலும் அசையவில்லை. ஆனால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடிவதில்லை, ஒட்டுப்போட்டது தனியாகத் தெரிகிறது. அல்கைட் மென்மையானது. கை படும் இடம் பளபளக்கிறது, மேல்பக்கம் வெயிலில் லேசாகப் பவுடர் தட்டுகிறது, பெட்ரோல் மூடியைச் சுற்றிக் கறையும் இளக்கமும் இருக்கிறது. ஆனால் பிரஷ்ஷை எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் கலந்துவிடும். வெளித்தோற்றத்துக்கு என் ஓட்டு அல்கைட்டுக்குத்தான். டூ-கே மேட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பிளாஸ்டிக் பூச்சு மாதிரி இருக்கிறது.

மஞ்சளுக்கு மேல் வரும் பச்சையும் செம்பழுப்பும், ரால் 6003-ம் 8017-ம், அன்று கெட்டிப் பசையாக டின்னில் போய்ச் சேர்ந்தன. களத்தில் பெட்ரோலோ தண்ணீரோ ஊற்றிக் கரைத்து, ஸ்பிரே கன் இருந்தால் அதில், இல்லாவிட்டால் பிரஷ்ஷில் அடித்துக்கொள்வார்கள். தண்ணீரில் கரைத்தது மழைக்கு ஓடிவிடும். அதனால் ஒரே யூனிட்டிலும் இரண்டு வண்டிகள் ஒன்றுபோல் இருக்காது. டேப் ஒட்டிக் கூர்மையான விளிம்போடு அடித்த வண்டிகளைப் பார்த்தால் எனக்கு ஒப்பவில்லை. நாங்கள் குறைந்த காற்றழுத்தத்தில், மெலிதாகக் கரைத்து, கையோட்டத்திலேயே பட்டைகள் போட்டோம். பச்சை அப்படியே இருக்கிறது, பழுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அது அழகாகவே இருக்கிறது.

குறிகளுக்கு வருவோம். குபெல்வாகன் என்றாலே பக்கவாட்டில் பெரிய சிலுவை போட்டுவிடுகிறார்கள். பால்கென்குரொய்ட்ஸ் என்ற அந்தச் சிலுவை முக்கியமாகக் கவச வண்டிகளுக்கு உரியது. 1939-இல் போலந்தில் டாங்கிகளின் மேல் இருந்த பளிச்சென்ற வெள்ளைச் சிலுவை எதிரிக்குக் குறிபார்க்கும் புள்ளியாகிவிட்டதால் குழுவினரே அதை மங்கடித்தார்கள். சாதாரண குபெல்வாகனில் இருந்தவை சின்ன விஷயங்கள்: மட்கார்டில் டயர் காற்றழுத்தம், விளக்கு இல்லாத போர்க்கால இரவுகளில் தெரிவதற்காக மட்கார்டு விளிம்பில் வெள்ளை, தரைப்படையைக் குறிக்கும் டபிள்யூ.எச். என்று தொடங்கும் எண் பலகை. இவற்றை ஸ்டிக்கராக ஒட்டவே கூடாது. மேட் பெயின்டின் மேல் ஸ்டிக்கரின் விளிம்பு தூக்கிக்கொண்டு அழுக்கு பிடிக்கிறது, சோதனைக்காக ஒரு பழைய கதவில் ஒட்டிப் பார்த்ததில் தெரிந்தது. ஸ்டென்சில் வைத்து, பிரஷ்ஷில் மிகக் குறைவாகப் பெயின்ட் எடுத்துக் குத்திக் குத்தி அடித்தவை இன்றும் தெளிவாக இருக்கின்றன. ஸ்டென்சிலால் எழுத்துகளில் விழும் இடைவெளிகளை நிரப்பாமல் விட்டோம்.

டிவிஷன் சின்னம் எதுவும் போடவில்லை. எந்தப் படைப்பிரிவின் வண்டி என்பதற்கு ஆதாரம் இல்லாதபோது, பிரபலமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து வரைவது பொய்ச் சான்றிதழ் எழுதுவதற்குச் சமம். ஆப்பிரிக்கா பக்கமே போகாத வண்டிகளில், அங்கே போரிட்ட ஜெர்மன் படையின் பனைமரச் சின்னம் இருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.-இன் குறி வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவதை நான் ஏற்கவே மாட்டேன். அந்தக் குறியைத் தாங்கியவர்கள் செய்தது என்ன என்பதை மறந்துவிட்டு வண்டியை மட்டும் ரசிக்க முடியாது. ஜெர்மனியில் தண்டனைச் சட்டத்தின் 86ஏ பிரிவும் ஸ்வஸ்திகா, எஸ்.எஸ். குறிகளைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது. கல்வி, ஆய்வு, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைச் சவாரியை அதில் சேர்க்க முடியாது. எண் பலகையில் வர வேண்டிய கழுகு முத்திரையின் இடத்தை நாங்கள் வெறுமையாகவே விட்டிருக்கிறோம். சாலைக்கு இன்றைய பதிவெண் தனியாக இருக்கிறது.

பராமரிப்புக்கு வெறும் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். மெழுகு, பாலிஷ் எதையும் தொடாதீர்கள், ஒருமுறை பளபளப்பு ஏறினால் இறங்காது. பெட்ரோல் சிந்தினால் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். கலந்த மஞ்சளில் ஒரு லிட்டரைக் காற்றுப்புகாமல் மூடி, கலவை விவரத்தை டின் மேலேயே எழுதி வையுங்கள். அப்புறம், பழைய அடுக்குகள் கிடைத்த இடத்தைக் கையகலமாவது பெயின்ட் அடிக்காமல் விடுங்கள். எங்கள் பிராக்கெட்டின் அடியில் அந்த வளையங்கள் அப்படியே இருக்கின்றன. நிறம் சரியா என்று யாராவது கேட்டால் நான்கு போல்ட்டைக் கழற்றிக் காட்டிவிடுகிறோம்.