ஆணையா, பயிற்சியா, பக்கத்து வகுப்பா?

போன ஜூனில், பள்ளி திறந்த முதல் வாரம், புதிதாகப் பொறுப்பேற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் போனில் கேட்டார். "நடுநிலைப் பள்ளி. ஸ்டாஃப் பதினோரு பேர். ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதே சாப்பாட்டு நேரத்தில்தான். இவர்களை வைத்து எதையாவது மாற்ற முடியுமா?" முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அவர் கேட்டதும்தான் வாய் அடைத்துப் போனது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாற்றம் மூன்று வழியாகத்தான் வந்து பார்த்திருக்கிறேன். ஆணையாக வரும். பயிற்சியாக வரும். எப்போதாவது, பக்கத்து வகுப்பிலிருந்து வரும். மூன்றையும் ஆசிரியராக இருந்து வாங்கியிருக்கிறேன், தலைமை ஆசிரியராக இருந்து கொடுத்தும் இருக்கிறேன். எது உசத்தி என்று கேட்டால், எதை மாற்றப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். ஆனால் மூன்றையும் அளந்து பார்க்க என்னிடம் ஒரு கோல் உண்டு: எச்.எம். (தலைமை ஆசிரியர்) மாற்றலாகிப் போன மறுநாள் அந்தப் பள்ளியில் என்ன மிஞ்சும்?

முதலில் ஆணை. அதை இளக்காரமாகப் பேசுவது ஆசிரியர் அறையில் ஒரு வழக்கம். நான் அப்படிப் பேச மாட்டேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை ஆசிரியர்களைக் கூட்டி வைத்து, "நண்பர்களே, காலையில் பிள்ளைகளுக்கு உப்புமா போடலாமா?" என்று கலந்து பேசிச் செய்திருக்க முடியாது. அரிசி, ரவை, சமையல் ஆள், நேரம் எல்லாம் எண்ணக்கூடியவை. எண்ணக்கூடியது எதுவோ அது ஆணையில் ஓடும். கழிவறைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும், வருகைப் பதிவை எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் சுற்றறிக்கை நோட்டுப் போதும். எச்.எம். மாறினாலும் அது நிற்கும், ஏனென்றால் அடுத்த எச்.எம்.முக்கும் அதே ஆணைதான்.

கற்பிக்கும் விதத்தைத் தொட்டால் கதை வேறு. "மாணவர்களைக் குழுவாக அமர வைத்துக் கற்பிக்கவும்" என்று நோட்டில் வந்தால் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் வரும் நாளில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். வட்டத்துக்குள் நடப்பது பழைய பாடம்தான்.

இதில் நானே மாட்டிக்கொண்டது ஒன்று உண்டு. எச்.எம். ஆன முதல் ஆண்டு, உற்சாகத்தில், வெள்ளிதோறும் மூன்றரை மணிக்கு எல்லா ஆசிரியர்களும் கூடி அடுத்த வாரப் பாடத்தைச் சேர்ந்து திட்டமிட வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். அதற்கென்று தனிப் பதிவேடு ஒன்றும் போட்டேன். முதல் நான்கு வாரம் கூடினார்கள். ஐந்தாவது வாரம் பாதிப் பேர். இரண்டு மாதம் கழித்துப் பதிவேட்டைப் புரட்டினேன். நான் டெபுடேஷனில் வெளியூர் போயிருந்த வெள்ளிக்கிழமைக்கும் தீர்மானம் எழுதியிருந்தது, என் தலைமையில் கூட்டம் நடந்ததாக! கூட்டம் நடந்ததோ இல்லையோ, தீர்மானம் தவறாமல் நிறைவேறியிருக்கிறது. அவர்கள் மேல் கோபம் வரவில்லை. சேர்ந்து வேலை செய் என்று நான் கேட்கவில்லையே, சேர்ந்து வேலை செய்ததற்குப் பதிவைத்தானே கேட்டேன். அதைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆணைக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே திட்டத்துக்குள் பார்க்க வேண்டுமென்றால் செயல்வழிக் கற்றலைப் பார்க்கலாம். பிள்ளைகள் பாட அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தங்கள் வேகத்தில் தாங்களே கற்றுப் போகும் முறை அது. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அது தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ரிஷிவேலியில், கிராமத்துப் பிள்ளைகளுக்காகப் பல ஆண்டுகளாக நடந்துவந்த அட்டை முறைதான் மூலம். மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள், உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தை அட்டைகளாக உடைத்தார்கள். எந்த அட்டைக்குப் பிறகு எது வரவேண்டும் என்ற ஏணிப்படியைப் போட்டதில் வகுப்பறை ஆசிரியர்களின் கை இருந்தது. அட்டையில் ஒரு படம் குழப்பினால் அதை மாற்றலாம் என்கிற உரிமையும் அந்தக் கையோடு சேர்ந்து வந்தது.

2007-08-இல் அதே முறை மாநிலத்தின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. இப்போது அட்டை பெட்டியில் வந்து இறங்கியது. தரையோடு ஒட்டிய கரும்பலகை, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல், சுய வருகைப் பதிவு அட்டை எல்லாம் ஒரே அச்சில் வந்தன. நல்ல ஏற்பாடுகள்தான். கீழ்மட்டக் கரும்பலகையில் தனக்கென்று ஒரு கட்டம் கிடைத்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏணிப்படி ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. அட்டை கிழிந்தால் புது அட்டை வரும்வரை காத்திருந்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன, பெற்றோரில் சிலர் "புத்தகமே திறப்பதில்லையே" என்று கேட்டார்கள். பின்னால் அந்த முறை எளிமையாக்கப்பட்டு, மெல்ல ஓய்ந்தது. ஓய்ந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கும். நான் பார்த்த மட்டில், முதலில் அட்டை செய்தவர்களிடம் அது அவர்கள் வேலையாக இருந்தது. பெட்டியைப் பிரித்தவர்களிடம் அது அரசாங்கத்தின் வேலையாக இருந்தது.

அப்புறம், பயிற்சி. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் போய் உட்கார்ந்து வந்ததுதான். மாநிலக் கருத்தாளர், அதாவது பயிற்சி தருபவர், மாவட்டத்துக்குச் சொல்வார், மாவட்டம் வட்டாரத்துக்கு, வட்டாரம் நமக்கு. புதுப் பொருள் ஒன்று வரும்போது இதைத் தவிர வேறு வழி கிடையாது. 2022 ஜூனில், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் பிடிபடச் செய்யும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து ஒரே வகுப்பில் மூன்று நிலையில் எப்படி நடத்துவது என்பதைக் கையேட்டைப் படித்து மட்டும் யாரும் பிடித்திருக்க முடியாது. யாராவது செய்து காட்ட வேண்டும். காட்டினார்கள்.

குறை என்னவென்றால், பயிற்சிக்குப் போவது ஒரு ஆள், திரும்பி வருவது ஒரு பள்ளிக்கு. வியாழன் முடிந்து வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் நுழைந்தால் அவருக்குப் புரிந்ததைப் பேச யாரும் இல்லை. ஒரு வாரத்தில் அது உதிர்ந்துவிடும். இதற்கு நான் கண்ட மலிவான மருந்து ஒன்று: முடிந்தால் ஒரே பள்ளியிலிருந்து இருவரை ஒரே நாளில் அனுப்புங்கள். வந்த மறுநாள் இருவருக்கும் ஒரே பாடவேளையைக் காலியாக விடுங்கள். பேருந்தில் திரும்பி வரும்போதே பாதிப் பயிற்சி அவர்களுக்குள் நடந்துவிடும். எச்.எம். போன பிறகும் மிஞ்சுமா என்றால், இருவர் போயிருந்தால் கொஞ்சம் மிஞ்சும். ஒருவர் போயிருந்தால் அடுத்த இடமாறுதல் கவுன்சலிங்கில் அவரோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிடும்.

மூன்றாவது வழியை, பக்கத்து வகுப்பைப் பார்த்துக் கற்பதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஜப்பானில் இதற்கு ஜுக்யோ கென்க்யூ என்று பெயர், பாட ஆய்வு என்று வைத்துக்கொள்ளலாம். மெய்ஜி காலத்திலிருந்து, அதாவது நூறு ஆண்டுக்கும் மேலாக அங்கே நடந்து வருகிறது. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். கேள்வியை எந்தச் சொல்லில் கேட்பது, பிள்ளைகள் என்னென்ன தவறான பதில் சொல்லக்கூடும், கரும்பலகையில் எதை எந்த மூலையில் எழுதுவது என்பது வரை பேசுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வகுப்புக்குள் நின்று பிள்ளைகளைப் பார்ப்பார்கள். கவனியுங்கள், ஆசிரியரை அல்ல. முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். பல பள்ளிகளில் அன்றைக்கு அந்த ஒரு வகுப்பை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றப் பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், எல்லா ஆசிரியர்களும் பார்க்க வேண்டும் என்பதற்காக.

நம்மால் அப்படி அனுப்ப முடியாது. வாசலில் பெற்றோர் நிற்பார்கள். ஆகவே எங்கள் பள்ளியில் ஒட்டுப்போட்ட மாதிரி ஒன்றைச் செய்தோம். மாதத்துக்கு ஒரு பாடவேளை. ஒருவர் நடத்த, இருவர் பார்க்க. பார்க்கப் போகிறவர்களின் வகுப்புகளில் ஒன்றை நானும் இன்னொன்றைப் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியரும் பிடித்துக்கொண்டோம். எழுதப்படாத நிபந்தனை இரண்டுதான். பார்த்ததை என்னிடம் சொல்லக் கூடாது, எந்தப் பதிவேட்டிலும் எழுதக் கூடாது. பதிவேட்டில் ஒருமுறை சூடு பட்டவன் அல்லவா.

நான்காம் வகுப்பு டீச்சர் கடன் வாங்கிக் கழித்தல் நடத்திய நாளை மறக்க மாட்டேன். 503-லிருந்து 278. பலகையில் போட்டார், "மூன்றிலிருந்து எட்டு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு, அங்கேயும் பூஜ்யம், அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போ" என்று ராகமாகச் சொன்னார். பிள்ளைகளும் ராகமாகவே திருப்பிச் சொன்னார்கள். விடை என்ன? "இருநூற்று இருபத்தைந்து!" வகுப்பே அதிர்ந்ததாம். அடுத்த கணக்கு நோட்டில் போடச் சொல்லாமல், இதையே மறுபடி நோட்டில் போடச் சொல்லியிருக்கிறார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டாம் வகுப்பு டீச்சர் கண்ணுக்கு எதிரே ஒரு சிறுமி எழுதியது 375. பக்கத்துப் பையனும் 375. முன் வரிசையில் ஒரு பெண்ணும் 375.

மத்தியானம் மூவரும் டீயோடு உட்கார்ந்தபோது நான்காம் வகுப்பு டீச்சர் நம்பவே இல்லை. கவனக்குறைவு என்றார். மூன்று பேருக்கும் ஒரே விடையில் எப்படிக் கவனம் குறையும்? தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்தில் இரண்டு போக மூன்று. ஏழில் பூஜ்யம் போக ஏழு. எட்டில் மூன்று போக ஐந்து. எந்த வரிசையானாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது நான் சொல்லிக் கொடுத்தது" என்றார். கழித்தல் தொடங்கும்போது, 'எப்பவும் பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்' என்று அவர் சொல்வது வழக்கம். பிள்ளைகள் சொல் தட்டாமல் நடந்திருக்கிறார்கள்.

இந்த ஒரு விஷயம் எந்த ஆணையில் வரும்? எந்தக் கருத்தாளர் இதைச் சொல்ல முடியும்? அந்தப் பள்ளியின் அந்த இரண்டு வகுப்புக்கும் இடையில் கிடந்த முடிச்சு அது. இருவரும் ஆறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்.

இதற்காக மூன்றாவது வழியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது மெதுவானது. ஆணை ஒரு நாளில் செய்வதை இது ஒரு வருடத்திலும் செய்யாது. ஈராசிரியர் பள்ளியில் இது நடக்காது. ஒருவர் பார்க்கப் போனால் மற்ற வகுப்புகள் அனாதை. அங்கே, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்து ஊர் ஆசிரியரோடு நோட்டுகளை மாற்றி வைத்துப் பார்ப்பதுதான் ஆகக்கூடியது. மேல்நிலைப் பள்ளியில் வேறு தொல்லை: இயற்பியல் ஆசிரியர் வகுப்பில் தமிழாசிரியர் போய் உட்கார்ந்தால் முதல் இரண்டு மாதம் வேவு பார்க்க வந்ததாகத்தான் நினைப்பார்கள். மூத்தவர் வகுப்பில் இளையவர் குறை சொல்வதும் நம் ஊரில் சுலபமில்லை. எங்கள் பள்ளியிலேயே ஒருவர் கடைசிவரை கதவைத் திறக்கவில்லை. நல்ல ஆசிரியர்தான். அவரைக் கட்டாயப்படுத்தியிருந்தால் இதுவும் இன்னொரு சுற்றறிக்கையாகியிருக்கும், விட்டுவிட்டேன்.

ஆனால் என் கோலை வைத்து அளந்தால், நான் மாற்றலாகிப் போன பிறகும் அங்கே தொடர்ந்தது இது ஒன்றுதான். மாதம் ஒன்று என்பது பருவத்துக்கு ஒன்றாகிவிட்டதாகக் கேள்வி. வெள்ளிக்கிழமைப் பதிவேடு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

போனில் கேட்டவருக்குக் கடைசியில் இப்படித்தான் சொன்னேன். எண்ணக்கூடியதை ஆணையாகப் போடுங்கள், மன்னிப்புக் கேட்காமல். பயிற்சிக்கு இருவராக அனுப்புங்கள். காலாண்டுத் தேர்வு வரை வேறெதையும் தொடாதீர்கள், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கதவைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் உங்கள் கதவு. நீங்கள் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறீர்கள் அல்லவா, இருவரைக் கூப்பிட்டுப் பின்னால் உட்கார வையுங்கள். என்ன பார்த்தார்கள் என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதில் பேசாமல் இருங்கள்.

நவம்பரில் மறுபடி கூப்பிட்டார். இருவரை உட்கார வைத்தாராம். பாடம் முடிந்ததும் இருவரும் நெளிந்தார்களாம். அப்புறம் சமூக அறிவியல் டீச்சர்தான் வாயைத் திறந்திருக்கிறார்: "சார், நீங்க இருபத்திரண்டு கேள்வி கேட்டீங்க. ஜன்னல் பக்கம் ஒண்ணுகூட வரல."