ஐபி முகவரியை மறைக்கப் போய் அதை வாடகைக்கு விட்டுவிட்டேன்

“எச்சரிக்கை! உங்கள் ஐபி முகவரி வெளியே தெரிகிறது” என்று சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் தானாகத் திறந்தது. கீழே ஒரு எண். இணையத்தில் என் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான். இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் பெயர், நான் பயன்படுத்தும் பிரவுசரின் பெயர், அப்புறம் ஒரு ஊர்ப் பெயர். ஊர் மட்டும் தப்பு. மற்ற மூன்றும் சரியாக இருந்ததில் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஊர் ஏன் தப்பாக இருக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை. அன்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேலையைப் பார்த்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

இன்றைக்குத் தெரிந்தது அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் அதற்கு நம் ஐபி எண் தெரியும். தெரியாவிட்டால் பக்கத்தை எங்கே அனுப்புவது? அந்தச் சிவப்புப் பக்கம் எதையும் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. நான் போய்க் கதவைத் தட்டியபோது சொன்ன பெயரையே எனக்குத் திருப்பிச் சொன்னது. அந்த எண்ணை வைத்து இணைப்பு நிறுவனத்தையும் தோராயமான வட்டாரத்தையும் சொல்லிவிடலாம். வீட்டு விலாசம் அதில் கிடையாது. எந்த எண் எந்த நேரத்தில் எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்பது இணைப்பு நிறுவனத்தின் பதிவேட்டில்தான் இருக்கும்.

வட்டாரம் என்பதும் ஊகம்தான். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கு வருடக்கணக்கில் போலீஸும் பணத்தைப் பறிகொடுத்தவர்களும் தேடிக்கொண்டு வந்த கதை 2016-இல் வெளியானது. ஐபி எண்ணுக்கு இடம் சொல்லும் ஒரு நிறுவனம், “அமெரிக்காதான், ஆனால் எந்த ஊர் என்று தெரியவில்லை” என்ற எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி விழுந்தது அந்தப் பண்ணையில். 60 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. என் திரையில் வந்த தப்பான ஊரும் இந்த வகைதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தில் “உடனே மறைக்க” என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். ஒரு புரோகிராம் இறங்கியது. இன்ஸ்டால் ஆனதும் “இலவச ஆலோசனைக்கு எண்ணைப் பதியுங்கள்” என்றது, அதையும் செய்தேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்துவிட்டது. மிக மரியாதையான குரல். “சார், ஒரு தடவை உங்கள் கணினியைப் பார்த்துவிட்டால் நிலைமையைத் தெளிவாகச் சொல்லிவிடுவேன்” என்றார். ரிமோட்டில் இணைவதற்கான எண்ணைப் படித்துக் காட்டினேன். என் மவுஸ் அம்புக்குறி தானாக நகர்வதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து நெட்ஸ்டாட் என்று அவர் தட்டச்சு செய்தார். கணினியின் இணைய இணைப்புகளைப் பட்டியலிடும் கட்டளை அது. வரிசை வரிசையாக எண்கள் ஓடின. மேலே ஒரு தலைப்பு: ஃபாரின் அட்ரஸ். “பாருங்கள் சார், ஃபாரின் அட்ரஸ். இத்தனை வெளிநாட்டு ஆட்கள் இப்போது உங்கள் கணினிக்குள் இருக்கிறார்கள். பக்கத்தில் எஸ்டாப்ளிஷ்டு என்று போட்டிருக்கிறதே, உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.”

நானும் நம்பினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த இடத்தில் ஃபாரின் என்றால் வெளிநாடு இல்லை, இணைப்பின் மறுமுனை, அவ்வளவுதான். எஸ்டாப்ளிஷ்டு என்றால் இணைப்பு நடப்பில் இருக்கிறது என்று பொருள். பிரவுசரில் நாலு டேப் திறந்திருந்தாலே இந்தப் பட்டியல் பல வரிகளுக்கு நீளும். மெயில், விண்டோஸ் அப்டேட் எல்லாம் அதில் வரும். பிரவுசரை மூடிவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தால் பாதி வரிகள் காணாமல் போயிருக்கும். அவர் அதைச் செய்து காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்பு அடையாளங்களைக் காட்டிப் பயமுறுத்துவதும் இதே வித்தையின் இன்னொரு பதிப்பு. நன்றாக ஓடும் கணினியிலும் அந்தச் சிவப்புகள் டஜன் கணக்கில் இருக்கும்.

ஒரு வருடச் சந்தாவைக் கார்டில் கட்டினேன். திரையின் மூலையில் பச்சைக் கேடயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒரு மாதம் நிம்மதி.

அதன் பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. எங்கே போனாலும் “நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்” என்று கேப்சா. ட்ராஃபிக் சிக்னலையும் சைக்கிளையும் தேடித் தேடி அழுத்திக் கண் பூத்துவிட்டது. ஷாப்பிங் தளம் ஒன்று சந்தேக நடவடிக்கை என்று கணக்கை நிறுத்தி வைத்தது. இதெல்லாம் கணினியில் மட்டும் நடந்திருந்தால் புரோகிராமைச் சந்தேகப்பட்டிருப்பேன். அந்தப் புரோகிராமே இல்லாத என் போனிலும், வீட்டு வைஃபையில் இருக்கும்போது, அதே தொல்லை. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் சரியாகிவிடும். அதனால் இணைப்பு நிறுவனத்தின் மீது பழி போட்டேன்.

அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. பழைய முறை (ஐபிவி4) ஐபி எண்கள் மொத்தமே ஏறக்குறைய 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலியாகிவிட்டது. ஆகவே பல நிறுவனங்கள் ஒரே வெளி எண்ணைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. அப்படிப் பகிரும் வீடுகளில் ஒருவர் சேட்டை செய்தால் எல்லோருக்கும் கேப்சா வரும். நம் இணைப்பு அப்படியா என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைய இணைப்பு என்ற இடத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐபி எண்ணை மாற்றிக் காட்டும் விபிஎன் சேவை இருந்தால் நிறுத்திவிட்டு, “என் ஐபி என்ன” என்று தேடினால் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் அந்த எண் உங்களுக்கு மட்டுமானது. ரவுட்டர் பக்கத்தில் இருப்பது 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் பகிர்வு எண். கணினியில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளை கொடுத்தால் வரும் 192.168 என்று தொடங்கும் எண்ணை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வீட்டுக்குள் ரவுட்டர் கொடுத்த உள் எண், லட்சக்கணக்கான வீடுகளில் அதே எண் இருக்கும்.

நான் ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று. அப்படியானால் சேட்டை செய்தது என் வீடுதான்!

அந்த வாரமே இணைப்பு நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது: உங்கள் இணைப்பிலிருந்து பிறருடைய கணக்குகளில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு நுழைய முயற்சி நடந்திருக்கிறது, தொடர்ந்தால் இணைப்பு துண்டிக்கப்படும். அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் வந்து உட்கார்ந்து முதலில் கேட்டது, “மாமா, ராத்திரி கணினியை ஆஃப் செய்வீர்களா, அப்படியே விடுவீர்களா?” அப்படியேதான் விடுவேன். டாஸ்க் மேனேஜரிலிருந்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து நெட்வொர்க் பகுதியைக் காட்டினான். நான் எதையும் அனுப்பாத நேரம். பிரவுசர்கூட மூடியிருந்தது. பச்சைக் கேடயத்தின் புரோகிராம் மட்டும் விடாமல் தரவை வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த மரியாதையான மனிதர் போட்டுக் காட்டிய நெட்ஸ்டாட் பட்டியலை இப்போது இவன் போட்டான், எந்த இணைப்பு எந்தப் புரோகிராமுடையது என்ற விவரத்தோடு. என்னைப் பயமுறுத்தியவர் விற்ற சரக்குதான் அதில் பாதி வரிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். முன்பின் தெரியாத யாரோ என் கணினி வழியாக இணையத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். தளங்களுக்குத் தெரிவது என் வீட்டு எண். சாதாரண வீட்டு இணைப்பு எண்களுக்கு இப்படி ஒரு சந்தை இருக்கிறது, ரெசிடென்ஷியல் புராக்சி என்கிறார்கள். டேட்டா சென்டரிலிருந்து வந்தால் தளங்கள் சந்தேகப்படும், வீட்டு எண்ணிலிருந்து வந்தால் விட்டுவிடும். அதனால் திருட்டு வேலை செய்பவர்களுக்கு வீட்டு எண் மேல் ஆசை. நான் படிக்காமல் “சம்மதம்” கொடுத்த ஒப்பந்தத்தை அவன் தேடி எடுத்தான். கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அதன் இணைய இணைப்பை (பேண்ட்வித்) கூட்டாளிகள் பயன்படுத்தலாம் என்று நடுவில் எங்கோ ஒரு வரி. சந்தாவும் கட்டி வீட்டையும் உள்வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

இது என் ஒருவன் கதை என்று நினைக்காதீர்கள். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்ற இதே வகைப் புராக்சி வலையமைப்பை முடக்கியதாக அறிவித்தது. ஏறக்குறைய 200 நாடுகளில் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி எண்கள் அதில் சிக்கியிருந்தன. பரவிய வழிகளில் முக்கியமானது இலவச விபிஎன். மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், பாலடின்விபிஎன், புராக்சிகேட், ஷீல்டுவிபிஎன், ஷைன்விபிஎன் என்று ஆறு பெயர்களை எஃப்பிஐ வெளியிட்டது. பழைய கணினியில் இவற்றில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் போட்டது இந்தப் பட்டியலில் இல்லை.

இதைவிட எரிச்சலான ஒன்று உண்டு. அந்தப் புரோகிராம் என் எண்ணை மறைக்கவும் இல்லை. கேடயம் பச்சையாக இருக்கும்போதே அவன் ஒரு சோதனைப் பக்கத்தைத் திறந்தான். மேலே ஏதோ புது எண். அதற்குக் கீழே முக்காற்புள்ளிகளோடு நீளமாக இன்னொன்று, ஐபிவி6 எண். அது அப்பட்டமாக என் இணைப்பு நிறுவனத்தின் பெயரோடு நின்றது. புரோகிராம் பழைய வகை எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் புதிய வகையைக் கண்டுகொள்ளவே இல்லை. “இதில் எதை மாமா மறைத்திருக்கிறார்கள்?” என்றான். பதில் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? நம்பகமான விபிஎன் வைத்திருப்பவர்களும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள்: போடும் முன் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, போட்ட பின் இரண்டும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விபிஎன் என்றால் இணைப்பு நிறுவனத்துக்குத் தெரிவது இனி விபிஎன் நடத்துபவருக்குத் தெரியும் என்பதுதான் ஏற்பாடு. நடத்துபவர் யார் என்றே தெரியாவிட்டால் அந்த ஏற்பாடு எதற்கு?

துடைத்து எடுக்க இரண்டு நாள் ஆனது. அன்இன்ஸ்டால் செய்த பிறகும் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களின் பட்டியலில் ஒன்று மிச்சம் இருந்தது. ரிமோட்டில் ஆள் நுழைந்த கணினியை நம்பக்கூடாது என்று சொல்லி, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துவிட்டு விண்டோஸையே புதிதாகப் போட்டான். கடவுச்சொற்களை மொபைல் டேட்டாவில் போனிலிருந்து மாற்றினேன். கார்டை முடக்கிப் புதியது வாங்கினேன். ரவுட்டரில் நிர்வாகக் கடவுச்சொல் பெட்டியோடு வந்ததே இருந்தது, அதை மாற்றினோம். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி, புரோகிராம்கள் தாமாகக் கதவைத் திறந்துகொள்ளும் யுபிஎன்பி இரண்டையும் நிறுத்தி, ரவுட்டர் மென்பொருளைப் புதுப்பித்தோம். நிஜமான பாதுகாப்பு அந்த அரைமணி நேர வேலையில்தான் இருந்தது. அதற்கு யாரும் சந்தா கேட்கவில்லை.

கெட்ட பெயர் வாங்கிய எண்ணை மாற்ற ரவுட்டரை இரவு முழுக்க அணைத்து வைத்தேன். காலையில் வேறு எண் வந்தது. நிலையான எண் வாங்கியவர்களுக்கு இது நடக்காது, அவர்கள் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். என் பழைய எண் இப்போது எந்த வீட்டுக்குப் போயிற்றோ, அந்தப் புண்ணியவான் காரணம் தெரியாமல் ட்ராஃபிக் சிக்னல்களைத் தேடிக்கொண்டிருப்பார்.

பணம் வரவில்லை. மூன்று மெயில் அனுப்பினேன், ஒப்பந்தத்தின் அதே வரியை ஒட்டிப் பதில் வந்தது. வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார வைத்தது போன வாரம் வந்த அழைப்பு. வேறு குரல், அதே மரியாதை. “சார், உங்கள் சந்தாத் தொகையைத் திருப்பித் தர உத்தரவாகியிருக்கிறது. கணினியை ஆன் செய்து அந்த ரிமோட் எண்ணை மட்டும் படித்தால் போதும், உங்கள் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடுகிறேன்.” ஒரு கணம் என் கை கணினியின் பக்கம் போனது உண்மை. அழைப்பைத் துண்டித்துவிட்டேன். இதே மாதிரி ஒரு புரோகிராமுக்குப் பணம் கட்டியவர்கள் இங்கே இருந்தால், இந்த இரண்டாவது அழைப்பு உங்களுக்கும் வரும்.