எம்ஜிபியா, டிரையம்ஃப் டிஆர்6ஆ?

புதுப்பித்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு வந்தால், பெயின்ட்டின் பளபளப்பில் மயங்கிவிடாதீர்கள். முதலில் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரானது. 1,798 சிசி, நான்கு சிலிண்டர் என்ஜின். இதற்குத் தனிச் சேஸி, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. கதவுகளுக்குக் கீழே ஓடும் ‘சில்’ பகுதிதான் வண்டியையே தாங்குகிறது, துரு பிடிப்பதும் அங்கேதான். சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி அதன்மேல் நகர்த்துங்கள். பிடிப்பின்றி நழுவினால் உள்ளே இருப்பது இரும்பல்ல, பட்டிப் பூச்சு. கதவின் இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால், வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள். அதைத் தொடவே வேண்டாம்.

டிஆர்6 கோவென்ட்ரியில் பிறந்தது. 1976 வரை வந்தது. 2,498 சிசி, ஆறு சிலிண்டர். அந்தக் கனத்த உறுமலை ஒருமுறை கேட்டவருக்கு எம்ஜிபியின் குரல் மெலிந்துதான் ஒலிக்கும். பிரிட்டன் வண்டிகளில் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், அமெரிக்கா போனவற்றில் ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர். தனிச் சேஸி உண்டு. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைச் சேஸியில் தாங்கும் இடங்களைச் சோதியுங்கள்.

உதிரிபாகம் இரண்டுக்கும் கிடைக்கிறது. எம்ஜிபிக்குப் புதிய பாடிக் கூட்டை முழுதாகவே வாங்கலாம். முதல்முறை வாங்குபவருக்கு நான் எம்ஜிபியையே சொல்வேன். எதுவானாலும், பழுதுபார்த்தபோது எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.