அடிக்கடி பஞ்சரா? டியூபை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

என் சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்று நிற்கவே இல்லை. கடைக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "டியூப் போயிடுச்சு, புதுசு போடணும்." ஏன் போச்சு என்று கேட்டால், "ரோடு அப்படி." கழற்றிய டியூபைக் கண்ணில் காட்டியதே இல்லை.

கடைசியாகப் போட்ட புது டியூபும் இறங்கியபோது வீட்டிலேயே கழற்றினேன். காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கியதும், ரிம்மை ஒட்டிய உள்பக்கத்திலிருந்து குமிழி வந்தது. ஸ்போக் முனைகள் டியூபில் படாதபடி ரிம்மில் சுற்றியிருக்கும் பட்டையான ரிம் டேப் விலகி, ஸ்போக் கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. காற்று ஏற ஏற டியூப் அதன்மேல் அழுந்தும், ஓட்டை விழும். டேப்பைச் சரிசெய்து, முனையை ராவிவிட்டால் தீர்ந்துபோகிற வேலை. டயரைக் கழற்றியவருக்கு இது தெரிந்திருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்த ஊசி முனை ஓட்டைக்கு ஒட்டு போட்டாலே போதும், புது டியூபே தேவையில்லை.

அதனால் ஓட்டை எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லுங்கள். தரைப்பக்கம் என்றால் முள், கண்ணாடிச் சில்லு அல்லது லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய கம்பி. அது டயருக்குள்ளேயே தங்கியிருக்கலாம். உள்பக்கத்தைத் துணியால் துடைத்தால் துணி சிக்கும். விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். அருகருகே இரண்டு வெட்டு இருந்தால், காற்றுக் குறைவாக இருக்கும்போது பள்ளத்தின் விளிம்பில் மோதி டியூப் நசுங்கியிருக்கிறது. அதற்கு மருந்து, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்றடிப்பதுதான். டயரை மாட்டும்போது நெம்புகோலில் டியூப் சிக்கினாலும் இப்படிக் கிழியும். கடையிலிருந்து வந்த கையோடு இறங்கினால் அதைச் சந்தேகப்படலாம்.

ஓட்டையே இல்லையா? வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வு டியூப் (வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய்) இற்றுப்போயிருக்கும், அல்லது வால்வுக்குள் இருக்கும் ஊசி போன்ற பின் தளர்ந்திருக்கும். இதற்குப் போய் முழு டியூபையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வால்வின் அடிப்பகுதி கிழிந்திருந்தால் மட்டும் ஒட்டு நிற்காது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

பழைய டியூப் உங்கள் பொருள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுக்கும் கடையில் சைக்கிளை விடாதீர்கள்.